சகலைகள் போட்ட டிக்கெட்

கப்பலில் சுற்றுலா போவது என்று முடிவானதில் யாருக்கும் தகராறு இல்லை. எத்தனை நாள், எந்த அறை, ஜன்னல் வேண்டுமா வேண்டாமா என்பதில்கூட இல்லை. கப்பல் நிற்கிற துறைமுகத்துக்கு விமானத்தில் எப்படிப் போய்ச் சேருவது என்ற பேச்சு வந்தபோதுதான் இரண்டு சகலைகளும் ஆளுக்கொரு பக்கம் ஒற்றைக் காலில் நின்றார்கள்.

மூத்தவளின் கணவர் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்க்கிறவர். வீடு, கார், மிக்ஸி, மூக்குக் கண்ணாடி என்று கண்ணில் பட்டதற்கெல்லாம் காப்பீடு எடுத்து வைத்திருந்ததால் குடும்பத்தில் அவருக்கு பாலிசி என்றே பெயர். இளையவளின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். பன்னிரண்டாம் மாடிக்கும் பதிமூன்றாம் மாடிக்கும் நடுவில் தொங்கிக்கொண்டு இருபது வருஷம் வேலை பார்த்த மனுஷன். தன் கையால் முடுக்காத எந்த போல்ட்டையும் நம்ப மாட்டார்.

"கப்பல் கம்பெனி மூலமாவே விமான டிக்கெட்டையும் போட்டுடலாம் சகலை," என்றார் பாலிசி, மூத்தவள் வீட்டுக் கூடத்தில், ஞாயிற்றுக்கிழமை டீயோடு. "விமானம் லேட்டாச்சுன்னா அது அவங்க தலைவலி. முடிஞ்சா கப்பலை நிறுத்தி வைப்பாங்க. இல்லன்னா அடுத்த துறைமுகத்துல கொண்டுபோய் ஏத்தி விடுவாங்க. நாமளே போட்டுக்கிட்டு அஞ்சு நிமிஷம் லேட்டா போனா டாட்டாதான்."

"அவங்க எந்த விமானத்துல போடுவாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா அண்ணே?" என்றார் மெக்கானிக். "கடைசி நேரத்துலதான் சொல்லுவாங்க. நடுவுல எங்கயாவது இறக்கி ஏத்துவாங்க. புருஷன் முன் வரிசையில, பொண்டாட்டி கக்கூஸ் பக்கத்துல. நானே போட்டேன்னா நேரா போற விமானம். முந்தின நாளே போய் இறங்கி, குளிச்சு, தூங்கி எந்திரிச்சு, காலார நடந்து கப்பலுக்குப் போயிடலாம்."

"அந்த விமானமே ரத்தாயிடுச்சுன்னா?"

"அப்போ மட்டும் கம்பெனிக்காரன் நம்மளைத் தோள்ல தூக்கிட்டுப் போவானா?"

மூன்று ஞாயிற்றுக்கிழமை இதே பாட்டு. டீ ஆறியதுதான் மிச்சம். நாலாவது ஞாயிறு வருவதற்குள் பாலிசி, கப்பல் கம்பெனி மூலமாகவும், மெக்கானிக் சொந்தமாகவும் டிக்கெட் போட்டு முடித்துவிட்டு, வென்றுவிட்ட தோரணையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தார்கள்.

இளையவள் இரண்டு டிக்கெட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் கடைவீதியில் பழைய துணிகளைப் பிடித்தும் விட்டும் தைத்துக் கொடுக்கிற சின்னக் கடை வைத்திருக்கிறாள். விமானத்தைப் பற்றியோ கம்பெனியைப் பற்றியோ அவளுக்கு அபிப்பிராயம் எதுவும் கிடையாது. அவளுக்குக் கப்பல் பயணம் என்பதே முதல் நாள் சாயங்காலம் கப்பல் கரையை விட்டுக் கிளம்புகிற ஐந்து மணிதான். மிச்ச ஆறு நாளும் அதற்கு இலவச இணைப்பு.

காரணம் பழையது. அக்காவும் தங்கையும் வளர்ந்த வீடு துறைமுகத்துக்குப் பக்கம். பள்ளிக்கூடம் விட்டதும் துறைமுகச் சுவரில் ஏறி நின்று, கிளம்பிப் போகிற கப்பல்களைப் பார்த்துத் தோள் வலிக்கக் கை ஆட்டுவார்கள். யாரும் திருப்பி ஆட்டியதில்லை. ஒரே ஒரு நாள், மேல் தளத்தில் பச்சைச் சட்டை போட்டு நின்ற ஒரு பெண்மணி ஆட்டினாள். யாரைப் பார்த்து ஆட்டினாள் என்பதுதான் வழக்கு. "எனக்குத்தான்" என்றாள் அக்கா. "எனக்குத்தான்" என்றாள் தங்கை. இருவருக்கும் கல்யாணமாகி, பிள்ளைகள் வளர்ந்து வேலைக்கும் போன பிறகும், முப்பத்தைந்து வருஷமாக அந்த வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. ஆனால் அன்று சுவரிலிருந்து இறங்கும்போதே ஒரு விஷயத்தில் மட்டும் சமரசம் ஆனது. ஒரு நாள் அந்த மேல் தளத்தில் இருவரும் சேர்ந்து நிற்க வேண்டும், சேர்ந்து கை ஆட்ட வேண்டும்.

இரண்டு வழியாகப் போனால் இரண்டு ஆபத்து. ஒருத்தி கப்பலில் நிற்க, இன்னொருத்தி ஏதோ ஒரு விமான நிலையத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தால்? அதை நினைத்தாலே இளையவளுக்கு ஊசியில் நூல் கோக்க முடியவில்லை.

கணவரிடம் சொல்லிப் பார்த்தாள். மனுஷன் மசியவில்லை. சரியென்று தன் பழைய ஆயுதத்தை எடுத்தாள். நாலு நாள் அவரோடு பேசவில்லை. அவர் எது கேட்டாலும் தையல் மிஷின் ஓடுகிற சத்தம்தான் பதில். ஐந்தாம் நாள் காலையில் அவரே கடைவாசலில் வந்து நின்றார்.

"சரி தாயே. என் டிக்கெட்டை ரத்து பண்ணிட்டு கம்பெனி டிக்கெட்டையே போட்டுட்டேன். சிரிச்சிடு. ஆனா சகலைகிட்ட மூச்சு விடாதே, உங்க அக்காகிட்டயும்தான். நானே நேர்ல சொல்லணும். அந்த மூஞ்சியை நான் பார்க்கணும்."

அவள் சிரித்துவிட்டாள். அக்காவிடம் உடனே சொல்லக் கை துறுதுறுத்தது. ஆனால் எதிர்பாராமல் சொன்னால் அக்கா எப்படிக் குதிப்பாள் என்று நினைத்தபோது இன்னும் இனித்தது. நர்ஸான அக்காவுக்கு அடுத்த இரண்டு வாரமும், ஞாயிறு உட்பட, ஆபரேஷன் தியேட்டரில் ஓயாத வேலை. அதனால் தங்கைக்கு வாயைக் கட்டுவது கொஞ்சம் சுலபமாக இருந்தது.

அடுத்து எல்லோரும் கூடிய ஞாயிற்றுக்கிழமை, மெக்கானிக் சட்டைப் பையைத் தட்டிப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் பாலிசி எழுந்து நின்று தொண்டையைச் செருமினார்.

"சகலை, மூணு வாரமா உங்க அண்ணி எனக்குச் சோறு போட்டாங்களே தவிர முகம் காட்டல. அதனால ஒரு காரியம் பண்ணியிருக்கேன். கம்பெனி டிக்கெட்டை ரத்து பண்ணியாச்சு. நீங்க போற அதே நேர் விமானம், அதே நாள், எங்களுக்கும் போட்டாச்சு!"

அக்கா தங்கையைப் பார்த்துக் கண்ணடித்தாள். தங்கையின் முகத்தில் ஈயாடவில்லை. மெக்கானிக் மெதுவாகப் பையிலிருந்த காகிதத்தை எடுத்து டீ மேஜை மேல் வைத்தார். பாலிசி அதைக் குனிந்து படித்தார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு தடவை படித்தார்.

"ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று நாலு பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

முதலில் அக்காதான் சிரித்தாள். சோபாவில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். எல்லோருக்கும் தொற்றிக்கொண்டது. மெக்கானிக் போனை எடுத்து இரண்டு இடத்திலும் கேட்டுப் பார்த்த பிறகு சிரிப்பு நின்றது. நேர் விமானத்தில் இடம் இல்லை. கம்பெனி டிக்கெட்டை மாற்றுகிற கெடுவும் முந்தைய வெள்ளிக்கிழமையோடு முடிந்திருந்தது.

ஆகவே அப்படியே கிளம்பினார்கள். வாழ்க்கையில் முதல் முறையாகக் கம்பெனியின் காப்பு இல்லாமல் பயணம் செய்த பாலிசி, மனைவியோடு முந்தின நாளே போய் இறங்கி, மறுநாள் கப்பலில் முதல் ஆளாக ஏறினார். இளையவளும் மெக்கானிக்கும் கப்பல் கிளம்புகிற நாளன்று கம்பெனி கொடுத்த விமானத்தில் போனார்கள். அவருக்கு ஒன்பதாவது வரிசை, அவளுக்கு முப்பத்துநாலு. அவர் வாய் முகூர்த்தம், கக்கூஸ் பக்கத்தில்தான்.

நடுவில் ஒரு ஊரில் இறங்கி வேறு விமானம் ஏறினார்கள். அது கிளம்பாமல் நின்றது. கதவுப் பக்கம் ஏதோ விளக்கு அணைய மாட்டேன் என்கிறதாம். ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம். மெக்கானிக் ஒன்பதாவது வரிசையிலிருந்து நடந்து வந்தார்.

"அந்த சென்ஸர்ல தூசி இருக்கும். என்னை விட்டா ரெண்டு நிமிஷத்துல துடைச்சிடுவேன். கேட்டேன், உக்காருங்க சார்னு சொல்லிட்டாங்க."

இளையவள் அக்காவை அழைத்தாள்.

"எங்கடி இருக்கே?"

"இன்னும் தரையிலதான்க்கா. ரெண்டு மணி நேரமாச்சு."

"நாங்க ஏறி சாப்பிட்டே முடிச்சாச்சு. உங்க அத்தான் அந்த மிதக்கற சட்டையை அறையிலேருந்து எடுத்து மாட்டிக்கிட்டு, கழட்ட மாட்டேங்கறார். ஏண்டி, அஞ்சு மணிக்குக் கிளம்பிடும்னு சொல்றாங்களே."

இளையவள் மணியைப் பார்த்தாள். "நீ நின்னு ஆட்டிடுக்கா. எனக்கும் சேர்த்து ஆட்டிடு."

"வாயை மூடுடி," என்று சொல்லி அக்கா போனை வைத்துவிட்டாள்.

விமானம் இறங்கியபோது மணி நாலு இருபது. வெளியே கப்பல் கம்பெனிப் பெண் ஒருத்தி பலகையைத் தூக்கிப் பிடித்து நின்றிருந்தாள். அவர்களையும் சேர்த்துக் கம்பெனி டிக்கெட்டில் வந்தவர்கள் அந்த விமானத்தில் முப்பத்தெட்டுப் பேர். எண்ணினாள், பஸ்ஸில் ஏற்றினாள், போனில் யாரிடமோ பேசினாள். கப்பல் ஐந்து மணிக்கு மேல் அரை மணி நேரம் காத்திருக்கும், அதற்கு மேல் தன் கையில் இல்லை என்றாள்.

"பரவாயில்லையே," என்றார் மெக்கானிக். இன்னொருவர் முடுக்கிய போல்ட்டைப் பற்றி அவர் நல்ல வார்த்தை சொன்னது அதுதான் முதல் தடவை.

ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் பஸ் நின்றது. இளையவள் முன் இருக்கைக் கம்பியைப் பிடித்த கையை எடுக்கவில்லை. ஐந்து பன்னிரண்டுக்குத் துறைமுக வாசலில் நுழைந்தார்கள். கிடங்கு ஒன்றைச் சுற்றித் திரும்பியதும் கப்பல் தெரிந்தது. வெள்ளை வெளேரென்று, நகராமல் நின்றது. அவள் வயிற்றில் பால் வார்த்தது. அப்புறம்தான் கப்பலில் ஏறுகிற ஏணிப் பாலத்தின் அடியில் நடக்கிற கூத்தைப் பார்த்தாள்.

கீழே, சிமெண்டுத் தரையில், அக்கா பெட்டி மேல் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு காவலாளி குனிந்து கெஞ்சிக்கொண்டிருந்தார். பெரிய பெரிய டாக்டர்களையே வாசலில் நிறுத்திக் கை கழுவச் சொல்லி அனுப்புகிற நர்ஸ் அவள், காவலாளி எம்மாத்திரம். பக்கத்தில் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையோடு பாலிசி, இரண்டு கையிலும் பை.

"எல்லாரும் ஏறியாச்சான்னு மைக்ல கேட்டாங்க," என்றார் பாலிசி, மெக்கானிக்கைப் பார்த்து. "உடனே இவ பெட்டியை எடுத்துட்டா. நம்ம டிக்கெட் நாமளே போட்டது, விட்டுட்டுப் போனா ஏன்னு கேக்க நாதியில்லன்னு சொன்னேன். நீங்க மேலயே இருங்கன்னு சொல்லிட்டு இறங்கிட்டா. அப்புறம் என்ன, நானும் இறங்கிட்டேன்."

"எந்த கேரண்டியும் இல்லாமயா அண்ணே?"

"ஒண்ணுமே இல்லாம!" என்றார் பாலிசி. அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமையை யாரும் பார்த்ததில்லை.

இளையவள் பஸ் படியிலிருந்து குதித்து ஓடினாள். அக்காவைக் கட்டிக்கொண்டாள். சந்தோஷத்தில் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஏறி, உட்கார்ந்து, சாப்பிட்டும் முடித்தவள், தனக்காக இறங்கி வந்து நிற்கிறாள். இதற்கு என்ன கொடுப்பது? கையில் இருந்ததிலேயே பெரிய சொத்தைக் கொடுத்தாள்.

"அக்கா, அந்தப் பச்சைச் சட்டைக்காரி உனக்குத்தான் ஆட்டினா."

"அது எனக்கு அன்னிக்கே தெரியும்டி. ஏறு முதல்ல."

கம்பெனிப் பெண் ஏணிப் பாலத்தில் எண்ணியபோது முப்பத்தெட்டுக்குப் பதில் நாற்பது வந்தது. இன்னொரு தடவை எண்ணினாள். மிதவைச் சட்டை போட்டிருந்தவரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு எல்லோரையும் உள்ளே விட்டாள்.

மேல் தளத்துக்கு லிஃப்டில் போனார்கள். மெக்கானிக் கதவின் ஓரத்தைத் தடவிப் பார்த்து, நல்ல கை என்று ஒப்புக்கொண்டார். கப்பல் நீளமாக ஒரு குரல் கொடுத்தது. கரைக்கும் கப்பலுக்கும் நடுவில் தண்ணீர் ஒரு முழம் தெரிந்தது, பிறகு ஒரு தெரு அகலம். பின்னால் சகலைகள் ஆரம்பித்துவிட்டார்கள்.

"அடுத்த தடவை கண்ணை மூடிக்கிட்டு கம்பெனி மூலமாத்தான் அண்ணே. கப்பலையே நிறுத்தி வைக்கறாங்க!"

"அட போங்க சகலை. நாமளே போட்டுக்கிட்டு முந்தின நாள் வந்து இறங்கற சுகம் வருமா? காலார நடந்து வந்தோம்!"

இளையவள் காதில் அது விழவில்லை. துறைமுகத்தின் கோடியில் ஒரு சுவர் இருந்தது. அதன் மேல் இரண்டு சிறுமிகள் நின்றார்கள். ஒருத்தி கொஞ்சம் உயரம், ஒருத்தி குட்டி. முதுகில் பள்ளிக்கூடப் பை. இரண்டு பேரும் கப்பலைப் பார்த்துத் தோள் கழன்றுவிடுவதுபோல் கை ஆட்டிக்கொண்டிருந்தார்கள்.

அக்காவும் தங்கையும் ஒரே நேரத்தில் கையைத் தூக்கினார்கள். தூக்கிய தங்கையின் கையை அக்கா சட்டென்று பிடித்து நிறுத்தினாள்.

"இருடி. சும்மா பொதுவா ஆட்டக் கூடாது. உசரமா இருக்கறவ எனக்கு, குட்டி உனக்கு. இன்னாருக்குன்னு விரலை நீட்டிக் காட்டிட்டு அப்புறம் ஆட்டு. பாவம், அதுங்களுக்குச் சண்டை வரக் கூடாது."

அக்கா உயரமானவளைச் சுட்டிக் காட்டி ஆட்டினாள். இளையவள் குட்டிப் பெண்ணை நோக்கி விரலை நீட்டினாள். குட்டி தன் நெஞ்சில் கை வைத்து, எனக்கா என்று கேட்பதுபோல் பார்த்தது. உனக்கேதான் என்று இளையவள் தலையை ஆட்டினாள். சுவர் மேல் இரண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொண்டு குதித்தார்கள். சுவர் மறைகிற வரைக்கும், தோள் வலித்தும் நிறுத்தாமல், அவள் குட்டிக்கு மட்டுமே கை ஆட்டினாள்.