வெறும்படங்கள்

ஒன்றை அழுத்தினால் மிருகம், இரண்டை அழுத்தினால் மனிதர், மூன்றை அழுத்தினால் வெறும்படம். ஏழு மாதமாகக் கம்ப்யூட்டர் முன்னால் அவளுக்கு இதுதான் வேலை. காடு முழுக்க மரத்துக்கு மரம் கட்டிவைத்த கேமராக்கள் பதினாறு வருஷமாக எடுத்துத் தள்ளிய படங்கள் அவை. காட்டை அதில் காலங்காலமாக வாழ்ந்த அவளுடைய ஜனங்களிடமே திருப்பிக் கொடுத்தபோது, வன இலாகாக்காரர்கள் அந்தப் படங்கள் இருந்த மெமரி கார்டுகளையும் அட்டைப்பெட்டிகளில் போட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு, விட்டது தொல்லை என்று போய்விட்டார்கள். எதிரே எது அசைந்தாலும் அடுத்தடுத்து மூன்று படம் எடுப்பது அந்தக் கேமராக்களின் வழக்கம். முதல் படத்தில் கரடியின் மூக்கு இருக்கும், இரண்டாவதில் அதன் பின்பக்கம் இருக்கும், மூன்றாவதில் கரடி போன பிறகு பாதை மட்டும் சும்மா கிடக்கும். சில நாள் காற்றில் ஆடிய புல்லையே முந்நூறு தடவை எடுத்து வைத்திருக்கும். "இதுக்குப் பேசாம எங்க வீட்டுக் கொடியில காயிற துணிய எடுத்திருக்கலாம்" என்று கேட்க ஆளில்லாத அறையில் சொல்லிக்கொண்டே அவள் மூன்றை அழுத்துவாள்.

மிருகப் படங்கள் கணக்கெடுப்புக்குப் போகும். வெறும்படங்களையும் தூக்கிப் போடுவதில்லை. எந்த மாதம் எங்கே புல் காய்ந்தது, எங்கே தண்ணீர் நின்றது என்று பார்க்க அவை வேண்டும். மனிதர் படம் மட்டும், இரண்டை அழுத்திய நிமிஷமே அழிந்துபோகும். அழிந்தால் அழிந்ததுதான். பிரதி எடுக்கக் கூடாது, யாருக்கும் காட்டக் கூடாது. இந்த விதியை ஊர்ச் சபையில் எழுந்து நின்று சொன்னதே அவள்தான். இருபது வருஷத்துக்கு முன்னால் அவர்களைக் காட்டைவிட்டு இறக்கி, சாலையோரத்தில் வரிசை வீடுகளில் குடிவைத்தார்கள். அதற்குப் பிறகு தேனுக்கென்றோ கிழங்குக்கென்றோ யாராவது உள்ளே போனால், கேமரா பிடித்துக்கொள்ளும். ஒரு வாரத்தில் வாசலில் ஜீப் வந்து நிற்கும். அவள் கணவனை அப்படித்தான் ஒரே ஒரு படத்தை வைத்து ஒரு வருஷம் உள்ளே தள்ளினார்கள். "எங்க ஆளுங்க மூஞ்சி இனிமே எவன் கையிலயும் இருக்கக் கூடாது" என்று அவள் சொன்னபோது சபையே கை தட்டியது. சபைத் தலைவி, அவளுடைய நாத்தனார், அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டாள்.

அந்த அலுவலகமும் முன்பு இலாகாவுடையதுதான். சுவரில் அறிவிப்புப் பலகை இருந்த இடம் மட்டும் பழைய பச்சை மாறாமல் சதுரமாகத் தெரியும். பின்பக்கத்துச் சின்ன அறையில் இப்போது விதை மூட்டைகள் இருக்கின்றன. வழக்குக்கு முன்பு அவள் கணவனை மூன்று நாள் அடைத்து வைத்திருந்தது அந்த அறையில்தான். விதை எடுக்க யார் வந்தாலும் சாவியை எடுத்துக் கொடுப்பாள், கூடப் போகமாட்டாள்.

வேலையில் அவளாகவே வைத்துக்கொண்ட ஒரு பழக்கம் உண்டு. மனிதர் படம் வந்தால் முகத்தைப் பார்ப்பதில்லை. இரண்டு கால் தெரிந்ததுமே விரல் இரண்டுக்குப் போய்விடும். பார்த்தால் யாரென்று தெரியும், தெரிந்தால் ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் வாய் தவறிவிடும். ஆனால் முகத்தைப் பார்க்காமலே சிலரைத் தெரிந்துவிடுகிறது, அதற்கு அவள் என்ன செய்வாள். மூன்றாவது மாதம் பாறை வளைவுக் கேமராவில் ஒரு நீலச் சட்டை வந்தது. தோளில் தேன் டின். தேதியைப் பார்த்தாள். அந்தத் தேதியை அங்கே எல்லாரும் அறிவார்கள். ஜன்னலுக்கு வெளியே நாற்றங்காலில் பைகளுக்கு மண் நிரப்பிக்கொண்டிருந்த சின்னம்மாவின் ஒரே மகனைச் சிறைக்கு அனுப்பிய படம் அது. உள்ளே போன ஐந்தாவது மாதமே காய்ச்சல் என்று உடம்பைத்தான் கொடுத்தார்கள். அவள் இரண்டை அழுத்தினாள். அந்தப் பையனுக்குத் தன்னால் ஆன ஒரு நல்லது செய்துவிட்டதாக அன்றைக்கு முழுக்க மனசு லேசாக இருந்தது.

இரண்டு வாரம் கழித்துச் சின்னம்மா ஜன்னலுக்கு வந்தாள். கம்பியைப் பிடித்தால் மண் ஒட்டும் என்று கையைத் தூக்கியபடியே நின்றாள்.

"ஏம்மா, உன் பெட்டியில எங்க பையன் படம் இருக்குமா?"

"எது சின்னம்மா?"

"கேஸ் போட்டானுங்களே, அதான். கோர்ட்ல வக்கீல் கையில தூரத்துல பாத்தேன், கண்ணு சரியாத் தெரியல. சிரிச்ச மாதிரி இருக்கான்னு அவரு சொன்னாரு. அவனுக்கு வேற படமே இல்லம்மா."

"அது வரல சின்னம்மா" என்றாள் அவள்.

"வந்தா சொல்லு" என்று சின்னம்மா போய்விட்டாள். அதற்குப் பிறகு ஒருநாளும் வாய்விட்டுக் கேட்கவில்லை. வேலைக்கு வரும்போது ஒருமுறை, போகும்போது ஒருமுறை, ஜன்னல் பக்கம் பார்த்து லேசாகத் தலையை ஆட்டுவாள், அவ்வளவுதான். அந்தத் தலையாட்டலுக்குப் பயந்து அவள் திரையை ஜன்னலிலிருந்து திருப்பி வைத்துக்கொண்டாள்.

கடைசிப் பெட்டி ஊற்றடியுடையது. பழைய குடியிருப்புக்குக் கீழே, இரண்டு பாறைக்கு நடுவில் இருக்கும் ஊற்று அது. யாரோ ஒரு ஆராய்ச்சிக்காரர் கட்டிவிட்டுப் போன கேமரா என்பதால் இலாகாவில் அதை ஒருவரும் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. புதன்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பிரித்தாள். மான், மான், முள்ளம்பன்றி, வெறும்படம், மான். அடுத்ததில் ஒரு முதுகு. விரல் வழக்கம்போல இரண்டுக்குப் போய், அங்கேயே நின்றுவிட்டது. பதினெட்டு வருஷம் பார்த்த முதுகைத் தெரிந்துகொள்ள முகம் எதற்கு.

சிறையிலிருந்து வந்த அன்றைக்கே பிள்ளைகள் தலையில் கை வைக்கச் சொல்லி அவனிடம் சத்தியம் வாங்கியிருந்தாள், இனிக் காட்டுப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கமாட்டேன் என்று. அவனும் வைத்தான். அதற்குப் பிறகு ஆறு வருஷம் இருந்தான். வருஷா வருஷம் வெயில் ஏறும் சமயத்தில் மட்டும், பக்கத்து ஊரில் சுமை வேலை என்று சொல்லி இரண்டு மூன்று நாள் போவான். நகக்கண்ணில் சேறோடு வெறுங்கையாக வருவான். கேட்டால் சிரிப்பான். அவளுக்குச் சந்தேகம் வந்தது. வந்த சந்தேகம் வளர்ந்தது. அந்த ஊரில் ஒருத்தி இருக்கிறாள் என்றே முடிவு கட்டிவிட்டாள். கடைசி வருஷம் அவன் திரும்பி வந்தபோது, "எதுக்கு வந்தே, போன எடத்துலயே இருந்துக்க வேண்டியதுதானே" என்று தெருவில் நாலு பேர் கேட்கச் சொன்னாள். அதற்கும் அவன் சிரித்தான். அந்த மழைக்காலத்தில் நெஞ்சில் சளி கட்டிப் போய்ச் சேர்ந்தான். படுத்திருந்த இருபது நாளும் அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இப்போது திரையில் அவன் மண்டியிட்டுக் குனிந்து ஊற்றுக்கண்ணிலிருந்து சேற்றை வாரிக்கொண்டிருந்தான். இரண்டு கையையும் சேர்த்து வாரி, பாறைக்கு அப்பால் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு, மறுபடி வந்து வாரினான். அடுத்த வருஷமும் அதே இடம், அதே வேலை. அவன் போன பிறகு வந்த படங்களில் மான்கள் கூட்டமாக நின்று குடித்தன, ஒரு கரடி குட்டியோடு வந்தது. ஆறாவது வருஷத்துப் படங்களில் இளைத்துப்போயிருந்தான். நடுவில் உட்கார்ந்து உட்கார்ந்து வாரியிருக்கிறான். ஏழாவது வருஷம் வாருவதற்கு ஆள் இல்லை. மான்கள் வந்தன, சேற்றை முகர்ந்தன, போய்விட்டன. அதற்கடுத்த வருஷம் முகரவும் வரவில்லை.

அவள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள். அவன் செத்தபோதுகூட இப்படி அழவில்லை. அன்றைக்கு அழுகையில் பாதி கோபமாக இருந்தது.

அழுது முடித்ததும் மனசு ஒரு வக்கீலைப்போல வேலை செய்தது. இது வெறும் படமா, சாட்சி இல்லையா. காட்டைக் காப்பாற்றியது யார் என்று நாளைக்கு எவனாவது கேட்டால் காட்ட வேண்டாமா. சபையில் சொன்னால் ஒத்துக்கொள்ளமாட்டார்களா. எல்லாம் நியாயமாகத்தான் இருந்தது. அந்த நியாயமெல்லாம் அவளுடைய புருஷனுக்கு மட்டும் எங்கிருந்து வந்தது என்பதுதான் இடித்தது. கைபேசியை எடுத்துத் திரைக்கு நேரே பிடித்தாள். வெளியே சின்னம்மா மண்ணைச் சலிக்கும் சத்தம் கேட்டது. கைபேசியைக் கீழே வைத்துவிட்டு, நாத்தனாருக்குச் சொல்லி அனுப்பினாள்.

நாத்தனார் வந்து வாசற்படியில் நின்றாள். "என்ன, கடைசிப் பெட்டி முடிஞ்சுதா?"

"அண்ணி, உங்க தம்பி இருக்காரு. ஊத்தடியில. ஆறு வருஷமும் போயிருக்காரு, சேறு வாரிப் போட. என்கிட்ட சுமை வேலைன்னு சொல்லிட்டு."

நாத்தனார் உள்ளே வரவில்லை. திரும்பி வாசலைப் பார்த்து நின்றுகொண்டாள். அந்த முதுகும் அவன் முதுகு மாதிரியே இருந்தது.

"வந்து பாருங்க அண்ணி."

"வேணாம். பாத்தா வச்சுக்கன்னு சொல்லிடுவேன்."

"சொன்னா என்ன?"

"நாலு வீட்டுக்காரங்க அவங்க ஆளு படம் வேணும்னு எங்கிட்ட வந்து கேட்டுட்டாங்க. இல்லன்னு அனுப்பிட்டேன். அவங்களுக்கு என்ன பதில் சொல்ற?" வாசலைப் பார்த்தபடியே கேட்டாள். "ஊத்து இப்ப எப்படி இருக்கு?"

"மூடிக்கிச்சு."

"நாளைக்கு மண்வெட்டியோட ஆளுங்கள அனுப்புறேன்."

"மண்வெட்டி வேணாம். ஊத்துக்கண்ணு உடைஞ்சிடும். அவரு கையாலதான் வாரியிருக்காரு."

"சரி, கையாலயே வாரட்டும்" என்று நாத்தனார் படியிறங்கினாள். செருப்பு காலில் மாட்டவில்லை. இரண்டு மூன்று தடவை முயன்றுவிட்டு, கையில் எடுத்துக்கொண்டு போனாள்.

முப்பத்தொரு படங்கள். கடைசிப் படத்தில் மட்டும் அவன் கேமராவை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே அது இருப்பது அவனுக்குத் தெரிந்தேயிருந்திருக்கிறது. தெரிந்துதான் வருஷா வருஷம் போயிருக்கிறான். ஏழு மாதத்தில் முதல்தடவையாக அவள் ஒரு முகத்தைப் பார்த்தாள். வழிந்திருந்த சேற்றை, முன்வழுக்கையை, வீட்டில் அவளைக் கொதிக்கவைத்த அந்தச் சிரிப்பை, ஒன்றுவிடாமல் பார்த்தாள். இவ்வளவு நேரம் பார்த்திருந்தால் உயிரோடு இருக்கும்போதே ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். பிறகு முதலிலிருந்து ஆரம்பித்து, இரண்டு, இரண்டு, இரண்டு என்று முப்பத்தொரு தடவை அழுத்தினாள்.

மிச்சம் இருந்தவை மூன்றாவது படங்கள். அவன் நகர்ந்த பிறகு எடுத்தவை. கலங்கிய தண்ணீர், பாறையின்மேல் காயாத ஒரு கை அடையாளம். மனிதர் யாரும் இல்லை. விதிப்படி அது வெறும்படம். மூன்றை அழுத்தினாள். அழுத்திய விரலை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். பாறை வளைவுப் படங்களும் மும்மூன்றாகத்தானே வந்திருக்கும் என்று அப்போதுதான் தோன்றியது.

தேதியை வைத்துத் தேடி எடுக்கக் கொஞ்ச நேரம் ஆனது. எடுத்த பிறகு சின்னம்மாவைக் கூப்பிட எழுந்திருக்க அதைவிட நேரம் ஆனது.

சின்னம்மா கை கழுவாமலே வந்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டும் உட்காரவில்லை.

"சின்னம்மா, நான் உங்ககிட்ட பொய் சொன்னேன். படம் வந்தது. நீங்க கேக்குறதுக்கு முன்னாடியே நான் அழிச்சிட்டேன்."

சின்னம்மா திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சின்னம்மா உள்ளங்கையில் ஒட்டியிருந்த மண்ணை விரலால் உருட்டிக்கொண்டே நின்றாள்.

"சிரிச்சானா?" என்றாள் கடைசியில்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. ஏற்கனவே சொன்ன ஒரு பொய் நடுவில் நின்றது.

"தெரியல சின்னம்மா. நான் மூஞ்சியப் பாக்கல."

சின்னம்மா அப்போதுதான் உட்கார்ந்தாள். அவள் திரையைச் சின்னம்மா பக்கம் திருப்பி வைத்தாள். பாறை வளைவு, வெயில், பாதை. ஆள் இல்லை. பாதையின் குறுக்கே நீட்டிக்கொண்டிருந்த ஒரு கிளை மட்டும் அசைவில் எடுத்ததால் கலங்கித் தெரிந்தது.

"அவன் போன உடனே எடுத்தது" என்றாள். "இது மட்டுந்தான் இருக்கு."

சின்னம்மா முகத்தைத் திரைக்கு மிக அருகில் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தாள். அவளுடைய மூச்சுப் பட்டுக் கண்ணாடி மங்கியது, தெளிந்தது.

"கிளைய ஒதுக்கிட்டுத்தான் போயிருக்கான்" என்றாள். "ஒடிக்கல."

சொல்லிவிட்டு ஒரு விரலை நீட்டி அந்தக் கிளையின்மேல் வைத்தாள், ஆட்டத்தை நிறுத்தப் பார்ப்பவள்போல. விரலை எடுத்த பிறகு அந்த இடத்தில் மண் ஒட்டியிருந்தது. அதற்குப் பின்னால் கிளை இன்னும் ஆடிக்கொண்டுதான் இருந்தது.