கீழிருந்து எண்ணினால் ஐந்து

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஆனால் உயிரோடு இருப்பவர்களிடம் மட்டும்தான். எங்கள் உடற்கூறு அறைக்கு வருகிறவர்களிடம் நான் குரல் உயர்த்தியதே இல்லை. உடம்பை எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தவர்கள் அவர்கள். அவர்களுடைய முதுகெலும்புகளை அளப்பது என் வேலை. முறிந்த முதுகில் திருகாணி போடுகிற டாக்டருக்கு, அது நுழைய வேண்டிய எலும்புக் காம்பு எத்தனை மில்லிமீட்டர் என்று தெரிந்தாக வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் திருகாணி நரம்பில் போய் நிற்கும். அதற்காகப் பெரிய டாக்டர் ஓர் ஆராய்ச்சி நடத்துகிறார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அளப்பது நான், பெயர் வாங்குவது அவர். அதில் எனக்கு வருத்தம் இல்லை. சரி, கொஞ்சம் இருக்கிறது.

போன வருடம் வந்த முப்பத்தோராம் எண் பெரியவருக்கு விலா எலும்புகளுக்குக் கீழே, இடுப்புப் பக்க முதுகுத்தண்டில், ஆறு எலும்புகள் இருந்தன. எல்லோருக்கும் ஐந்துதான் இருக்கும். மூன்று முறை எண்ணிவிட்டுத்தான் டாக்டரிடம் சொன்னேன்.

"ராத்திரி சரியா தூங்கலையாம்மா?" என்று சிரித்தார். பிறகு அவரே வந்து எண்ணினார். "அட, ஆமா! சில பேருக்கு இப்படி இருக்கும். இவர் நம்ம ஆராய்ச்சிக்கு ஒத்து வரமாட்டார், விட்டுடுங்க." பதிவேட்டில் அவர் எண்மேல் ஒரு சிவப்புக் கோடு போட்டுவிட்டுப் போய்விட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. செத்த பிறகாவது உபயோகமாக இருப்போம் என்று வந்த மனுஷரை வரிசையை விட்டு வெளியே நிற்கச் சொல்வதா? அந்தக் கோபத்திலேயே, தேநீர் இடைவேளைகளில் அவருடைய ஆறு எலும்புகளையும் அளந்து எழுதினேன். எந்தப் பக்கமிருந்து பார்த்தால் அந்த ஆறாவது கண்ணை ஏமாற்றும் என்பது மனப்பாடம் ஆகிவிட்டது. 'கூடுதல் ஐயா' என்று ஒரு பெயரும் வைத்தேன்.

என் அண்ணன் பஸ் ஓட்டுகிறவர். வாயில் விரல் வைத்தால் கடிக்கத் தெரியாது. வலது கால் மரத்துப்போவதை மாதக்கணக்கில் யாரிடமும் சொல்லவில்லை. ஒருநாள் கால் பிரேக்கில் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாமல் போக, வண்டியை ஓரம் கட்டி, சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தார். இரண்டு எலும்புகளுக்கு நடுவே ஜவ்வு பிதுங்கி நரம்பை நசுக்குகிறது, எடுத்துவிட்டால் கால் திரும்பும் என்றார்கள். எடுக்கப் போகிறவர் பெரிய டாக்டர்.

ஆபரேஷன் அன்று காலை வார்டுக்குப் போனேன். அண்ணி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"எலும்புக்காரி வந்துட்டா. என்னை அளந்துடாதம்மா, நான் இன்னும் எழுதிக் குடுக்கலை" என்றார் அண்ணன்.

கையைச் சும்மா வைத்திருக்கத் தெரியாமல் எக்ஸ்ரே உறையைப் பிரித்தேன். வெட்ட வேண்டிய இடத்தில் பேனாவால் ஒரு பெருக்கல் குறி. பழக்க தோஷம், கடைசி விலா எலும்பிலிருந்து கீழ்நோக்கி எண்ணினேன். ஆறு. ஜன்னல் வெளிச்சத்தில் மறுபடி எண்ணினேன். அதே ஆறு. உறையில் கூடவே இருந்த ஸ்கேன் அறிக்கையில் 'நான்காவதுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவே' என்றிருந்தது. பெருக்கல் குறியோ ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே இருந்தது.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. ஸ்கேன் அறையில் கழுத்திலிருந்து கீழே எண்ணுவார்கள். ஆபரேஷன் அறையில் அடியிலிருந்து மேலே எண்ணுவார்கள், அடியில் இருப்பது ஐந்தாவது என்று வைத்துக்கொண்டு. ஐந்து எலும்பு உள்ளவருக்கு இரண்டும் ஒரே இடத்தில் வந்து நிற்கும். என் அண்ணனுக்கு ஒன்று தள்ளிப்போய்விடும்.

தள்ளுவண்டி வந்துவிட்டது. நான் படத்தோடு அதற்கு முன்னால் ஆபரேஷன் அறைக்கு ஓடினேன். மறுபடி சிரிப்பாரோ என்ற பயம் இருந்தது. சிரித்தால் சிரிக்கட்டும். அண்ணனுடைய கால் அல்லவா?

"டாக்டர், இதை ஒரு தடவை மேலேர்ந்து எண்ணுங்க."

"இப்பவா?"

"வெட்டினப்புறம் எண்ணி என்ன பிரயோசனம்? முப்பத்தொண்ணாம் நம்பர் ஞாபகம் இருக்கா? நீங்க கோடு போட்டீங்களே. எங்க அண்ணனும் அவரை மாதிரிதான்."

அவர் சிரிக்கவில்லை. படத்தை விளக்கில் மாட்டினார். விரல் கீழே இறங்கி, ஆறாவதில் நின்றுவிட்டது. ஸ்கேன் படத்தையும் பக்கத்தில் மாட்டி வெகுநேரம் பார்த்தார். பிறகு நர்சுகள் எல்லோர் முன்னாலும் சொன்னார். "நல்ல ஜவ்வை எடுத்திருப்பேன். கெட்டதை விட்டிருப்பேன்."

ஆனைக்கும் அடி சறுக்கும். சறுக்கியதை வாய்விட்டு ஒத்துக்கொள்கிற ஆனையை அன்றுதான் பார்த்தேன்.

உள்ளே அடையாளத்துக்கு ஓர் ஊசி வைத்து, இன்னொரு படம் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் கத்தியைத் தொட்டாராம். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. அன்று சாயங்காலம் அண்ணன் கால் கட்டைவிரலை ஆட்டிக் காட்டினார். நான் அழுதேன். அழுதுகொண்டே மனசுக்குள் நன்றி சொன்னது டாக்டருக்கு இல்லை, கூடுதல் ஐயாவுக்கு.

மறுநாள் பெரிய டாக்டர் பதிவேட்டைக் கேட்டு வாங்கி, சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் 'சேர்க்கவும்' என்று எழுதினார். அன்றிலிருந்து அவருடைய ஆபரேஷன் அறையில் எல்லா முதுகையும் இரண்டு பக்கமிருந்தும் எண்ணுகிறார்கள்.

மூன்று மாதம் கழித்து, கூடுதல் ஐயாவின் அஸ்தியை வாங்க அவர் மகள் வந்தார். அஸ்திப் பெட்டியோடு, எல்லோருக்கும் தருகிற அச்சடித்த கடிதத்தையும் கொடுத்தேன். 'மிகவும் பயன்பட்டார். நன்றி.' படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"இது எல்லாருக்கும் குடுக்கறதுதானே? தப்பா நெனச்சுக்காதீங்க. எதுக்கும் உதவாத மனுஷன்னு அப்பாவை அம்மா திட்டிக்கிட்டே இருப்பாங்க. அதான் நெசமா தெரிஞ்சுக்கணும்னு..."

அவர் வருகிற தேதி எனக்கு முன்பே தெரியும். அண்ணனையும் வரச் சொல்லியிருந்தேன். நடைபாதைக் கோடியில் டிரைவர் சட்டையோடு வந்துகொண்டிருந்தார். மூன்று மாதத்துக்குப் பிறகு அன்றுதான் வேலைக்குத் திரும்புகிறார்.

"அதோ வர்றாரே, அவர் எங்க அண்ணன். உங்க அப்பாவோட முதுகைப் படிச்சதாலதான் இவரோட முதுகுல நடக்க இருந்த தப்பைக் கண்டுபிடிச்சேன். உங்க அப்பா இல்லேன்னா இந்த நடை இல்லம்மா."

மகள் கடிதத்தை மடித்தபடியே அண்ணனுடைய கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் பக்கத்தில் வந்து நின்றார். என்ன பேசுவதென்று தெரியாமல் என்னைப் பார்த்தார், அந்தப் பெட்டியைப் பார்த்தார்.

"குடுங்கம்மா. வாசல் வரைக்கும் அப்பாவை நான் தூக்கிட்டு வர்றேன்" என்றார்.

இன்னும் ஆறு மாதத்துக்கு எதையும் தூக்கக் கூடாதென்று பெரிய டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். நான் வாயைத் திறக்கவில்லை.