வெந்நீருக்கு மட்டும் கேஸ்

எங்கள் வீட்டுக்கு கோபர் கேஸ் வந்தது போன கிறிஸ்துமஸுக்கு முன்பு. இதுவரை அதில் ஒரு பிடி சோறு வெந்ததில்லை. என் வீட்டுக்காரர் தங்கப்பன் குளிக்க அதில் வெந்நீர் காயும், அவ்வளவுதான். அதே அடுக்களையில், ஒரு கை எட்டும் தூரத்தில், நான் ரப்பர் விறகை ஊதி ஊதிச் சமைப்பேன்.

எனக்கு இழுப்பு உண்டு. ரப்பர் விறகின் புகை உள்ளே இறங்கினால் அன்று முழுக்க நெஞ்சு விசிலடிக்கும். இனியும் புகைக்குள் நின்றால் மருந்து கேட்காது என்று டாக்டர் அவரை உட்கார வைத்தே சொன்னார். மானியத்தில் வருஷத்துக்கு ஆறு சிலிண்டர்தான் என்று பேப்பரில் வந்த நேரம் அது. அதைக் காட்டி, சிலிண்டர் வேண்டாம், இரண்டு மாடு நிற்கிறது, சாணத்தில் கோபர் கேஸ் போட்டால் அரசாங்கம் மானியம் தருகிறது என்றார் என் வீட்டுக்காரர். மனுஷனுக்கு என்மேல் இவ்வளவு கரிசனமா என்று நானும் ஏமாந்துபோனேன்.

கரிசனமெல்லாம் மானியத்தின் மேல்தான். கக்கூஸையும் அந்தக் குழியோடு சேர்த்தால் மானியம் கூடும் என்று கேட்டதும் உடனே பைப் இறக்கிவிட்டார். எனக்கு அது பெரிதாகத் தோன்றவில்லை. எதிலிருந்து வந்தாலும் தீ தீதானே. ஆனால் முதன்முதலாகக் கேஸ் எரிந்த அன்று அரிசியைக் களைந்து கொண்டுவந்தால், கையை நீட்டித் தடுக்கிறார்.

"ஏட்டி, கக்கூஸ் கேஸில வெந்த சோத்த நான் திங்கணுமா? வேணும்னா எனக்கு குளிக்க வெள்ளம் காய வை."

"பின்ன எதுக்கு கக்கூஸ சேத்தீங்க?"

"மானியத்துக்கு."

கொஞ்சமும் கூச்சமில்லாமல் சொன்னார். சண்டை போட்டேன், அழுதும் பார்த்தேன். "எனக்க தொண்டையில எறங்காது" என்பதுதான் பதில். என் தொண்டையில் என்ன இறங்குகிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

போன செவ்வாய்க்கிழமை பிளாக் ஆபீஸிலிருந்து பெபிஷா என்ற பெண் ஸ்கூட்டியில் வந்தாள். கேஸ் அடுப்பில் சமைக்கிற போட்டோ எடுத்தால்தான் மிச்ச மானியம் வருமாம். வண்டிச் சத்தம் கேட்டதுமே அவர் அடுக்களைக்கு ஓடி வந்தார். எரிகிற விறகை இழுத்துப்போட்டுத் தண்ணீரை ஊற்றினார். பாதி வெந்த சோற்றுப் பானையைத் தூக்கிக் கேஸ் அடுப்பில் வைத்தார். அடுக்களை முழுக்கப் புகை. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினேன்.

"நேரா நில்லு. கொஞ்சம் சிரிச்சா என்ன?" என்றார்.

பெபிஷா உள்ளே வந்தாள். "அக்கா, சமையல் எல்லாம் இதிலதானா?"

"எல்லாம் இதிலதான் மேடம்" என்று அவரே முந்திக்கொண்டார்.

"நல்லது. சில வீட்டுல கக்கூஸ் சேத்தா அருவருப்பு படுதாங்க. நான் ஜெபதாஸ் அண்ணனுக்க சாயாக்கடையத்தான் காட்டுவேன். அங்கயும் கக்கூஸ் சேத்த கேஸுதான். சாயாவும் பழம்பொரியும் நல்லா ஓடுது."

ஜெபதாஸ் கடை. தினமும் ரப்பர் மரத்தில் பால் வெட்டி முடித்ததும் இவர் போய் உட்காரும் கடை. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அதிர்ச்சி ஒன்றும் இல்லை. மாட்டுத் தொழுவத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஒங்களுக்கு இது தெரியுமா?"

"மேடம் நிக்கையில என்ன பேச்சு?"

"தெரியுமா, தெரியாதா?"

"அவன்ட்ட பாத்துத்தானே நானும் போட்டேன். கடையில திங்குதது வேற, வீட்டுல வேற."

நிஜமாகவே அருவருப்பு என்றிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். அதுவும் இல்லை. வீட்டில் நான் விறகு ஊதுவதால் அவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை, புகை எனக்குத்தானே. இத்தனை மாதம் நான் மூச்சுக்கு ஏங்கியது இதற்காகவா என்று நினைத்தபோது எனக்கு வெறி பிடித்தது.

விறகு கீறுகிற கோடாலி மூலையில் இருந்தது. அதன் பின்பக்கத்தால் மண்ணடுப்பை ஓங்கி அடித்தேன். இரண்டாவது அடியில் நடுவே பிளந்தது, பிறகு முழுதும் நொறுங்கும்வரை அடித்தேன். பெபிஷா வாசலோடு ஒதுங்கி நின்றாள்.

பானையை இறக்கிவிட்டு அதே கேஸில் சாயா போட்டு அவர் கையில் கொடுத்தேன்.

"கடைன்னு நெனச்சுக்கிட்டு குடிங்க. இனி குளிக்க வெள்ளம் வேணும்னா முற்றத்துல அடுப்புக்கல்லு கூட்டி நீங்களே ஊதி காய வையுங்க."

பிறகு பெபிஷாவிடம் சொன்னேன். "அம்மா, இவரு குடிக்குதத போட்டோ எடு."

அவள் கேமராவைத் தூக்கினாள். அவர் கேமராவைப் பார்த்தார், கிளாஸைப் பார்த்தார். பிறகு ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தார். தொண்டையில் நன்றாகத்தான் இறங்கியது. மானியத்துக்காகக் குடித்தார், எனக்காக இல்லை.