அட்டையில் இருக்கிற கறுப்புத் துணி

இல்லைங்க, அது பொய். ஜமீலாம்மா முகத்தைக் காட்ட மாட்டேன் என்று சொல்லவே இல்லை. கரையான்சாவடி டீக்கடையில் ஆரம்பித்துப் பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டு வரை எல்லோரும் அப்படித்தான் பேசிக்கொண்டு திரிகிறார்கள். "அந்த இடியாப்பக்காரம்மா பூத்துல தகராறு பண்ணிச்சாமே, கோஷாவத் தூக்க மாட்டேன்னுச்சாமே." நீங்களும் அதையே கேட்டுவிட்டு வந்து என்னிடம் சொல்கிறீர்கள். நான் பக்கத்தில் நின்றவள். தகராறு நடந்தது உண்மை. ஆனால் கதை அப்படியே தலைகீழ். "என் மூஞ்சியப் பாருய்யா" என்று கேட்டது ஜமீலாம்மா. பார்க்க மாட்டேன் என்றது ஆபீசர்.

முதலிலிருந்து சொல்கிறேன், கேளுங்கள்.

நான் சாமுண்டீஸ்வரி. ஜமீலாம்மாவின் மகள் ஜுலைகாவும் நானும் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரே கம்பெனியில் சட்டைக்குப் பட்டன் வைக்கிறோம். ஒரே தெரு, ஒரே பஸ், ஒரே டிபன் பாக்ஸ். ஜுலைகா தலையில் முக்காடு போடுவதோடு சரி. அவள் அம்மாதான் வெளியே வந்தால் கறுப்புக் கோஷா, அதாவது பர்தா, முகத்தில் துணி. வீட்டு ஜன்னலில் ஒரு பச்சைத் திரை தொங்கும். காலையில் அதன் அடியில் பாத்திரத்தை நீட்டினால் சூடான இடியாப்பத்தோடு திரும்பி வரும். கூடவே வசவும் வரும்.

எங்கள் தெருக் கோதண்டம் அண்ணனுக்கு என்று தனி வசவே உண்டு. "நாலு இடியாப்பத்துக்கு ஒரு சொம்பு தேங்காப்பாலு கேக்கறியே, ஊட்ல கன்னுக்குட்டி எதுனா வளக்குறியா?" திரைக்கு இந்தப் பக்கம் அண்ணன் இளித்துக்கொண்டு நிற்பார். தெருவில் பாதி ஆண்கள் ஜமீலாம்மாவின் முகத்தைப் பார்த்ததில்லை. ஆனால் அந்தக் குரலைத் தெரியாதவர் யாருமில்லை.

தொண்ணூற்றொன்று எலெக்‌ஷனில் நடந்த ஒரு விஷயம் உங்களுக்குத் தெரிந்தால்தான் மற்றது புரியும். அன்றைக்கு ஜமீலாம்மா சமையலை முடித்துவிட்டு மத்தியானம் ஓட்டுப் போடப் போயிருக்கிறார். "உங்க ஓட்டு போட்டாச்சும்மா" என்றிருக்கிறார்கள்.

"யாரு போட்டாங்க?"

"நீங்கதான்."

மையில்லாத விரலை நீட்டிக் காட்டியிருக்கிறார். அதற்கு அந்த ஆள் சொன்ன பதில் இது: "கோஷா போட்டுக்கினு ஒரு அம்மா வந்து ஜமீலான்னாங்க, குடுத்துட்டோம். துணிக்குள்ள யாரு கீறாங்கன்னு எங்களுக்கு இன்னா தெரியும்?"

திருடியது எவளோ. கொடுத்தது அவர்கள். பழி மட்டும் ஜமீலாம்மாவின் துணி மேல். மறுநாள் பச்சைத் திரை திறக்கவே இல்லை. "என் பேருக்குள்ள ஒருத்தி பூந்துட்டுப் போயிட்டாடி சாமு" என்று என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னார்.

அதனால்தான், ஓட்டுப் போட இனிமேல் போட்டோ ஒட்டிய அட்டை தரப் போகிறார்கள் என்று செய்தி வந்ததும் எங்கள் தெருவிலேயே அதிகம் சந்தோஷப்பட்டவர் ஜமீலாம்மா. வீடு வீடாகப் போய்ப் பெண்களிடம் சொன்னார். பக்கத்து வீட்டு ஜஹானாரா இழுத்தார். "போட்டோன்னா மூஞ்சியத் தொறக்கணுமேக்கா?"

"தொறந்தா இன்னா? டாக்டரு கேட்டா நாக்க நீட்டலியா? தேவைன்னா தொறக்கத்தான் வேணும். பஜார்ல நின்னு தொறக்க மாட்டேன், அவ்ளோதான் விஷயம்."

போட்டோ எடுக்கிற முகாம் ஒரு பள்ளிக்கூடத்தில். ஜமீலாம்மா அன்றைக்குத் தலைவாரி, மூக்குத்தியைப் புளி போட்டுத் தேய்த்துப் போட்டு, கண்ணுக்குச் சுர்மா தீட்டி, அதற்கு மேல் கோஷாவை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அந்தச் சுர்மாவை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது.

வகுப்பறைச் சுவரில் நீலத் துணி கட்டி, முன்னால் ஒரு ஸ்டூல். ஆண்கள் வரிசையும் பெண்கள் வரிசையும் அதே அறையில் இடித்துக்கொண்டு நின்றன. கதவு இல்லாத ஜன்னல்களில் பையன்கள் கம்பியைப் பிடித்துத் தொங்கினார்கள். வோல்டேஜ் குறைவு என்று போட்டோக்காரர் ஒவ்வொருவருக்கும் முதலில் ஒரு தடவை சும்மா பளிச்சென்று அடித்துப் பார்த்துவிட்டு, "ம், நேரா பாருங்க" என்று சொல்லி இரண்டாவதாக எடுத்தார். எனக்கும் ஜுலைகாவுக்கும் அப்படித்தான் எடுத்தார்.

ஜமீலாம்மா முறை வந்ததும் மேஜையில் இருந்த ஆபீசரிடம் மரியாதையாகத்தான் கேட்டார். "சார், ஆம்பளைங்கள ஒரு நிமிஷம் வெளிய நிக்கச் சொல்லுங்க. போட்டோ எடுக்கறவரு இருக்கட்டும், நீங்களும் இருங்க. நான் தொறந்துடறேன்."

"உங்க ஒருத்திக்காவ எல்லாரையும் வெளிய தள்ளணுமா? இன்னா, ஜில்லா கலெக்டரா நீங்க?"

வரிசையில் இருந்து ஒருவன் கத்தினான். "சட்டுனு தூக்கிக் காட்டிட்டுப் போம்மா, எனக்கு செகண்ட் ஷிப்ட்டு கீது." ஜன்னலில் தொங்கிய பையன்கள் விசில் அடித்தார்கள்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. ஜுலைகாவையும் இழுத்துக்கொண்டு, தாவணியை விரித்து ஜன்னலுக்கும் ஆண்கள் வரிசைக்கும் குறுக்கே மறைப்புப் பிடித்தேன். "ம்மா, உக்காரு. நாங்க மறச்சிக்கிறோம்" என்றாள் ஜுலைகா. ஜமீலாம்மா ஸ்டூலில் உட்கார்ந்து, முகத்துணியின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, போட்டோக்காரர் சொல்லட்டும் என்று காத்திருந்தார். பளிச்சென்று அடித்தது. சோதனைதானே என்று நாங்கள் நினைத்தோம். அவரும் அப்படித்தான் நினைத்தார்.

"அடுத்த ஆளு" என்றார் ஆபீசர்.

"சார், மூஞ்சி..." என்று போட்டோக்காரரே இழுத்தார்.

"அடிச்சிட்ட இல்ல? வுடுப்பா. இன்னும் எவ்ளோ பேரு நிக்கறாங்க பாரு."

ஜமீலாம்மா எழுந்திருக்கவில்லை. "இன்னும் தொறக்கவே இல்ல சார்" என்றார். அடுத்த ஆள் வந்து ஸ்டூலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, எழுந்திரு எழுந்திரு என்று தலையாட்டினான். எழுந்துதான் ஆக வேண்டியிருந்தது.

அட்டை வந்தது. பெயர் சரி, வயது சரி, கதவு நம்பர் சரி. போட்டோ இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கறுப்புத் துணி. உற்றுப் பார்த்தால் கீழே ஓரத்தைப் பிடித்திருக்கிற இரண்டு விரல் தெரியும். தூக்கப் போகிற விரல்! அதைப் பார்த்தால் குழந்தைக்குக் கூடப் புரியும்.

ஜுலைகாவுக்கு முதலில் சிரிப்பு வந்துவிட்டது. ஜமீலாம்மா சிரிக்கவில்லை. அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது என் அட்டை இல்லடி. போன வாட்டி என் ஓட்டப் போட்டாளே, அவளுக்கு எடுத்த அட்டை. இத எடுத்துக்கினு எவ வேணாப் போலாம்."

அட்டை கொடுக்கிற தாலுகா ஆபீசுக்குப் போனோம். அங்கே ஒரு குமாஸ்தா அட்டையை வாங்கிப் பார்த்தார். "பேரு தப்பா? வயசு தப்பா? இல்லல்ல? அப்புறம் இன்னா?"

"மூஞ்சி இல்ல சார்" என்றேன் நான்.

"எப்படி வந்தாங்களோ அப்படித்தான் வுழும். கேமரா இன்னா ஜோசியமா பாக்கும்?"

எலெக்‌ஷன் நாள் வந்தது. எவளும் முந்திவிடக் கூடாது என்று ஜமீலாம்மா விடிந்தும் விடியாமல் எங்களை இழுத்துக்கொண்டு போய் வரிசையில் முதல் ஆளாக நின்றார். உள்ளே போனதும், விரலுக்கு மை வைக்கிற மேஜையில் பார்வதம் டீச்சர். அந்தப் பக்கம் பெஞ்சில் கட்சி ஏஜெண்டாக நம் கோதண்டம் அண்ணன். நடுவில் பூத் ஆபீசர், வேறு ஏரியாக்காரர். அட்டையைப் பார்த்தார். நிமிர்ந்து பார்த்தார். மறுபடி அட்டையைப் பார்த்தார்.

"இதுல மூஞ்சி இல்லியே."

"அதத்தான் நானும் எல்லார்கிட்டயும் சொல்லிக்கினு கீறேன்" என்றார் ஜமீலாம்மா.

பார்வதம் டீச்சர் எழுந்தார். "அம்மா, அப்படி போர்டு பின்னால வாங்க. நான் பாத்துடறேன்."

"உக்காருங்க டீச்சர்" என்றார் ஆபீசர். "பாத்து எதோட ஒத்துப் பாப்பீங்க? இதுல துணிதான கீது?" கொஞ்சம் யோசித்தார். அப்புறம் பெரிய கண்டுபிடிப்பு செய்தவர் மாதிரி சிரித்தார். "அம்மா, நீங்க தூக்கவே வேணாம். இப்படியே நில்லுங்க. கார்டுலயும் துணி, நேர்லயும் துணி. பக்காவா மேட்ச் ஆவுது. போய்ப் போடுங்க."

ஏஜெண்டுகள் பெஞ்சைத் தட்டிச் சிரித்தார்கள். கோதண்டம் அண்ணன் மட்டும் எழுந்து, "சார், இது ஜமீலாம்மாதான் சார். அந்தக் கொரலு எனக்குத் தெரியாதா? தெனம் திட்டு வாங்கறேன்" என்றார்.

"கொரலுக்கு நாங்க கார்டு குடுக்கல. வாங்கிக்கம்மா."

ஓட்டுச் சீட்டை நீட்டுகிறார். ஜமீலாம்மா கையை நீட்டவில்லை.

ஐந்து வருஷமாகக் காத்திருந்த சீட்டு! ஜுலைகா பின்னாலிருந்து கிள்ளினாள். "வாங்கும்மா, வாங்கிப் போடு, அப்புறம் பேசிக்கலாம்."

"சும்மா கெட." பிறகு ஆபீசரைப் பார்த்துச் சொன்னார். "துணிக்கு ஓட்டு இல்ல சார். எனக்குத்தான் ஓட்டு. இப்ப நீ துணியப் பாத்து எனக்குக் குடுத்தீன்னா, சாய்ங்காலம் இன்னொரு துணி வந்து நின்னா அதுக்கும் குடுப்ப. போன வாட்டி அப்படித்தான் குடுத்தாங்க. அந்த டீச்சரம்மாவ வுட்டு என் மூஞ்சியப் பாக்கச் சொல்லு. பாத்துட்டு அப்பால குடு."

"பாக்க வேணாம்னு சொல்றேன், பாரு பாருன்னா இன்னாம்மா வம்பு?"

"பாக்கலன்னா நான் நவுரல."

நகரவில்லை. வெளியே வரிசை சலசலக்க ஆரம்பித்தது. வாசலில் நின்றவர்களுக்கு உள்ளே என்ன பேச்சு என்று கேட்காது. தெரிந்ததெல்லாம் கோஷா போட்ட ஒரு அம்மா ஆபீசர் முன்னால் நகராமல் நிற்கிறார் என்பது மட்டும்தான். "மூஞ்சியக் காட்ட மாட்டேங்குது போலக்கீது மாமே" என்றது ஒரு குரல். "இதுங்களே இப்படித்தான்" என்றது இன்னொன்று. நீங்கள் கேட்ட கதை பிறந்தது அந்த வாசலில்தான். நான் ஓடிப்போய் அப்படி இல்லை, அப்படி இல்லை என்று கத்தினேன். யார் கேட்கிறார்கள்? அவர்களுக்கு அந்தக் கதைதான் வேண்டியிருந்தது.

பார்வதம் டீச்சர் மறுபடி எழுந்தார். மைப்புட்டியை மூடிக் கையில் எடுத்துக்கொண்டு, ஜமீலாம்மாவின் தோளைத் தொட்டு, கரும்பலகைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். ஆபீசர் "டீச்சர், டீச்சர்" என்று கூப்பிட்டதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் திரும்பி வந்தார்கள்.

"பாத்துட்டேன் சார். இதோ நிக்கற இவங்க பொண்ணு ஜாடை அப்படியே இருக்கு. கண்ணுக்கு மை எல்லாம் போட்டுக்கிட்டு வந்திருக்காங்க."

"பாத்து இப்ப இன்னா ஆச்சு? ரூல்ஸ்ல ஒண்ணும் மாறலியே?"

"மாற வேணாம் சார். இவங்கதான் வந்தாங்கன்னு ஒருத்தராவது பாக்கணும் இல்ல?"

அதற்கப்புறம்தான் ஜமீலாம்மா விரலை நீட்டினார். சீட்டை வாங்கினார். குத்திவிட்டு வந்தார். வெளியே வந்ததும் மை காயாத விரலை வரிசை முழுக்கப் பார்க்கும்படி தூக்கிப் பிடித்துக்கொண்டே நடந்தார். "ஏ, காட்டிட்டியா?" என்று ஒருவன் கேட்டான். "பாக்க வச்சிட்டேன்டா" என்றார்.

இத்தோடு முடிந்திருந்தால் நான் உங்களிடம் இவ்வளவு பொரிந்து தள்ளியிருக்க மாட்டேன். அட்டை இன்னும் அதே துணியோடுதானே இருக்கிறது? அடுத்த எலெக்‌ஷனில் பார்வதம் டீச்சர் இருப்பார் என்று யார் கண்டது?

வரும் ஞாயிற்றுக்கிழமை திருவேற்காட்டில் மறுபடி போட்டோ முகாம் போடுகிறார்கள். ஆபீசில் போய்க் கேட்டோம். அதே குமாஸ்தா, புது போட்டோ எடுக்கலாம், தடையில்லை என்றார். ஆனால் அதற்கு ஜமீலாம்மா எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டுமாம். என்னவென்று தெரியுமா? 'போன முகாமில் நான் முகத்தைக் காட்ட மறுத்துவிட்டேன், அது என் தவறு.' அப்படி எழுதினால்தான் பழைய அட்டையை ரத்து செய்ய முடியுமாம். அவர்கள் பக்கம் தவறு என்று எழுத இடமே இல்லையாம்!

ஜுலைகா சொல்கிறாள்: "போட்டுக் குடும்மா. ஒரு கையெழுத்துதான. மூஞ்சி வந்துடும், அப்பால எவளும் உன் ஓட்டத் தொட முடியாது."

ஜமீலாம்மா இடியாப்ப உரலை அழுத்திக்கொண்டே சொல்கிறார்: "நான் மாட்டேன்னு எப்பச் சொன்னேன்? ஊரே சொல்ற பொய்ய நானும் எழுதிக் குடுத்தா, அந்தப் போட்டோல இருக்கற மூஞ்சி மட்டும் என்னுதா?"

ஜமீலாம்மா சொல்வதுதான் சரி என்று எனக்குப் படுகிறது. ஆனால் அந்தத் துணி அட்டையைப் பார்க்கும்போதெல்லாம் எவளோ ஒருத்தி அதை எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்பது மாதிரியே தெரிகிறது. ஞாயிற்றுக்கிழமைக்கு நாளும் இல்லை. இவ்வளவும் கேட்டீர்களே, நீங்கள் சொல்லுங்கள்: அந்தக் கையெழுத்தைப் போடலாமா, கூடாதா?