பொள்ளிய கை

பாக்கெட்டுக்குச் சீல் போடும் மெஷினின் சூட்டுக்கம்பியில் ஜெயபாயின் வலது உள்ளங்கை அகப்பட்டபோது சரோஜம் மிளகாய்ப்பொடியை நிறுத்துக்கொண்டிருந்தாள். ஆரியசாலையில் அந்த மசாலா கம்பெனியின் மாடியில் எட்டுப் பெண்களுக்கு வேலை. ஜெயபாய் கத்தவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே குனிந்துவிட்டாள். ஒருத்தி டூத்பேஸ்ட் தேடி ஓடினாள், இன்னொருத்தி மஞ்சள்பொடி மூட்டையை அவிழ்த்தாள்.

"ஒண்ணும் தேய்க்காண்டாம்" என்று சரோஜம் அவளைக் குழாயடிக்கு இழுத்துப் போனாள். மகனுக்குச் சின்ன வயதில் கஞ்சி கொட்டியபோது பேஸ்ட் தேய்த்துத் தூக்கிக்கொண்டு போய் நர்ஸிடம் வாங்கிய ஏச்சு அவளுக்கு மறக்கவில்லை. இருபது நிமிஷம் தண்ணீரில் பிடித்தாள். இனி மூடிக் கட்டச் சுத்தமான துணி வேண்டும்.

சுவரில் முதலுதவிப் பெட்டி இருந்தது, புதுப் பூட்டோடு. சரோஜம், சாவி வைத்திருந்த முதலாளி கோலப்பனுக்குப் போன் செய்தாள். அவர் நாகர்கோவிலில் ஒரு கல்யாண வீட்டில் இருந்தார்.

"அதத் தொடாத கேட்டியா. நாளைக்கு இன்ஸ்பெக்ஷன் உண்டு. லிஸ்ட் பாத்து நிறைச்சு வச்சிருக்கேன். ஒரு சாதனம் குறைஞ்சா எழுதிப்புடுவான்."

"கை வெந்து தொலி உரிஞ்சு கிடக்கு முதலாளி. பின்ன பெட்டி எதுக்கு?"

"பெட்டி இருக்கணும்னு நியமம். கீழ மெடிக்கல் ஸ்டோர்ல போய் வாங்கு."

இரண்டு வருஷமாக அவள் கேட்டு வாங்க முடியாத பெட்டி அது. கேட்டபோதெல்லாம் 'பாக்கலாம்'. இப்போது இன்ஸ்பெக்டருக்காக வந்திருக்கிறது. அவரா இங்கே வந்து கையைச் சுட்டுக்கொள்ளப்போகிறார்? சரோஜம் போனை வைத்துவிட்டு இரண்டு கிலோ எடைக்கல்லை எடுத்தாள். மூன்றாவது அடியில் பூட்டு தெறித்தது. உள்ளே எல்லாம் கவர் பிரிக்காமல் அடுக்கியிருந்தது. கத்திரிக்கோலில் விலைச் சீட்டுகூட உரிக்கவில்லை. காஸ் கட்டுத்துணியை எடுத்துத் தளர்வாகச் சுற்றினாள்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் ஆட்டோவில் ஜெயபாயின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் கோலப்பனின் குரல் கெஞ்சியது. "ஜெயபாயி, வீட்ல கஞ்சி எறக்கும்போ பட்டுதுன்னு சொல்லு. உன் பேரு ரெஜிஸ்டர்ல இல்லல்லா. வெறுதே எல்லாருக்கும் பிரச்சனை."

ஒன்பது வருஷ வேலை. ரெஜிஸ்டரில் பேர் இல்லை. போனைப் பிடுங்கி ஏசத்தான் சரோஜத்துக்குத் தோன்றியது. ஆனால் கை ஜெயபாயினுடையது, நாளை அந்த மாடிப்படி ஏற வேண்டியவளும் அவள்தான். "அக்கா, ஒங்க இஷ்டம்" என்று மட்டும் சொன்னாள். ஜெயபாய் ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் துணியைப் பிரித்துப் பார்த்தாள். "வெள்ளம் ஒழிச்சது நன்னாயி" என்று தண்ணீரில் பிடித்ததை மலையாளத்தில் மெச்சினாள். பிறகு எழுதுவதற்கு ஓ.பி. சீட்டை இழுத்துக்கொண்டாள். "எங்ஙனயா பொள்ளியது? வீட்டில் வச்சாணோ?"

பின்னால் வரிசையில் ஒரு குழந்தை அழுதது. நர்ஸ் பேனாவால் மேஜையைத் தட்டினாள்.

"இல்ல சிஸ்டரே. ஜோலிஸ்தலத்து வச்சு, வேலை செய்யுற எடத்துல" என்றாள் ஜெயபாய்.

"கம்பெனி பேரு, அட்ரஸ்?"

ஜெயபாய் சரோஜத்தைப் பார்த்தாள். பிறகு எதையோ நினைத்துக்கொண்டவள்போல இடது கையை மேஜைமேல் நீட்டினாள். காலையில் ஒட்டும்போது பிசகிய பாக்கெட் லேபிள் ஒன்று ரவிக்கைக் கையில் அப்படியே ஒட்டிக் கிடந்தது. நர்ஸ் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்து, மிளகாய்ச் சிவப்பில் அச்சடித்திருந்த கம்பெனி விலாசத்தின் பொடி எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்து எழுத ஆரம்பித்தாள்.