புரியவில்லை என்று குறித்தேன்

நயினாரின் இங்கிலீஷ் எனக்கு ஒரு சொல் விடாமல் புரிந்தது. புரியவில்லை என்றுதான் குறித்தேன்.

தென்காசியில் எங்கள் ஆபீஸ் அமெரிக்க லாரி கம்பெனிகளுக்கு வேலை பார்க்கிறது. மெயில் பிரிவிலிருந்து போன் பிரிவுக்குப் போக, ஐந்து நிமிஷம் பேசிப் பதிவு பண்ண வேண்டும். அதைப் பேர் போடாமல் எங்களில் மூன்று பேருக்குக் கேட்கத் தருவார்கள். இரண்டு பேர் புரிகிறது என்றால் போகலாம். பேர் எதற்கு, குரல் தெரியாதா?

நயினார் என் பேட்ச். சீசனில் குற்றாலத்துக்குக் குளிக்க வருகிற ஆட்களுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டு, அவர்களிடம் பேசிப் பேசியே இங்கிலீஷ் பிடித்தவன். ‘யெஸ்டர்டே இட்செல்ஃப் ஐ டோல்ட்’ என்பான். டெக்ஸாஸ் டிரைவர்கள் ‘ஐ ஏய்ன்ட் காட் நோ பேப்பர்ஸ்’ என்பார்கள், கையில் பேப்பர் இல்லை என்று அர்த்தம். அது புரிய எங்களுக்கு ஒரு வாரம் வகுப்பு எடுத்தார்கள். நயினார் பேசுவது எனக்கு வகுப்பில்லாமலே புரிந்தது. அதுதான் பயம். என் அப்பா புளியங்குடியில் எலுமிச்சை மூட்டை தூக்குகிறார், அம்மா பீடி சுற்றுகிறாள். புரிகிறது என்று போட்டால், நானும் இந்த ரகம்தான் என்று குறிகளைப் பார்க்கிற, சென்னையிலிருந்து வந்த அபர்ணா மேடத்துக்குத் தெரிந்துவிடும். என்னோடு கேட்ட தளவாய் புரிகிறது என்றான், இன்னொருத்தி இல்லை என்றாள். என் குறிதான் அவனை நிறுத்தியது.

மறுநாள் சாப்பிடும்போது நயினார் எதிரில் வந்து உட்கார்ந்தான்.

“ஏட்டி, மூணாவது ஆள் நீதானாமே?”

நான் டிபன் பாக்ஸை மூடினேன்.

“சண்டைக்கு வரலட்டி. எந்த எடம் புரியலன்னு சொல்லு, திருத்திக்கிடுதேன். அடுத்த வாரம் இன்னொரு தடவ பேசச் சொல்லுதாங்க. அதுலயும் போச்சுன்னா ரெண்டு வருசத்துக்குக் கெடையாது.”

உண்மையைச் சொல்லியிருக்கலாம். “ரொம்ப வேகம்லே. அந்த இட்செல்ஃப் எல்லாம் எடுத்திரு. புத்தகத்துல இருக்க மாதிரி நிறுத்திப் பேசு” என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

“அருவிக்கரையில ஒரு வெள்ளக்காரரு அரை மணி நேரம் நான் பேசுனதக் கேட்டாரே?”

“முதுகப் பிடிச்சுவிட்டா எவனும் கேப்பான்” என்றான் பக்கத்து மேசை தளவாய். நயினாரும் சிரித்தான். நானும் சிரித்தேன்.

ஒரு வாரம் மொட்டை மாடியில் இலக்கணப் புத்தகத்தோடு நின்றான். இரண்டாம் பதிவு வந்தது. இந்தத் தடவை புரிகிறது என்று போடுவதென்று முடிவு பண்ணிவிட்டுத்தான் ஹெட்போனை மாட்டினேன். ஒரு வாக்கியம் தொடங்குவான், பாதியில் விடுவான், புத்தகச் சொல்லைத் தேடுவான், திரும்பத் தொடங்குவான். லோடு எங்கே நிற்கிறது என்று சொல்ல வேண்டிய இடத்தை மூன்று தடவை ஓட்டிக் கேட்டேன். நிஜமாகவே புரியவில்லை.

புரிகிறது என்று குறித்தேன். மற்ற இரண்டு பேரும் இல்லை என்றார்கள்.

“போன தடவ நல்லாத்தான் பேசுனான். எவன் இவனக் கெடுத்தான்?” என்றான் தளவாய்.

சாயங்காலம் படிக்கட்டில் நயினார் நின்றான். “நீ ஒருத்திதான் புரியுதுன்னு போட்டியாம். தேங்க்ஸ்ட்டி.”

“இருக்கட்டும்லே” என்றேன்.