கடைவாய்ப்பல்லுக்கு இரண்டு பேர் துணை

1.

இந்தக் கதை எனக்கு ஒரு கோபத்தில் கிடைத்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சேமிப்புக் குழுக்களில் சேர்ந்த கிராமத்து இளைஞர்கள் மனதாலும் உடம்பாலும் எப்படி இருக்கிறார்கள் என்று ஒரு தொண்டு நிறுவனம் மலர் போடுகிறது. அதற்கு இரண்டு பக்கத்தில் ஒரு ‘வெற்றிக்கதை’ வேண்டும் என்றார்கள். மாதிரியும் அனுப்பினார்கள். முதல் பத்தியில் கஷ்டம், இரண்டாவதில் குழு, மூன்றாவதில் தையல் இயந்திரம். தையல் இயந்திரத்தோடு எனக்கு விரோதம் ஒன்றும் கிடையாது. ஆனால் முடிவை அவர்களே வைத்துக்கொண்டு என்னை எதற்குக் கூப்பிட வேண்டும்?

அந்த எரிச்சலோடுதான் மன்னார்குடிக்கு ஏழெட்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஓர் ஊருக்குப் போனேன். பன்னிரண்டு பேர் கொண்ட இளைஞர் குழு. அதை நடத்துகிற ஊக்குநர் வளவன், தீர்மான நோட்டை என் முன்னால் வைத்தார். புரட்டிக்கொண்டே போனவன் ஒரு வரியில் நின்றுவிட்டேன்.

“மலர்க்கொடிக்குப் பல் வைத்தியத்துக்காக மூவாயிரம் ரூபாய் கடன் வழங்கத் தீர்மானிக்கப்பட்டது. உடன் செல்வோர்: குந்தவை, ராஜ்குமார்.”

ஒரு பல்லைப் பிடுங்க எதற்கு இரண்டு பேர்?

2.

வளவன் காரணம் சொன்னார். முன்பு ஓர் உறுப்பினர், அப்பாவுக்கு ஆபரேஷன் என்று கடன் வாங்கி, அடுத்த வாரம் புது போனோடு கூட்டத்துக்கு வந்தாராம். (ஆபரேஷன் ஆன அப்பா டீக்கடையில் வடை தின்றுகொண்டிருந்தார்.) அன்றிலிருந்து வைத்தியக் கடன் என்றால் இரண்டு உறுப்பினர்கள் கூடவே போக வேண்டும். திரும்பி வந்து கூட்டத்தில் எழுந்து நின்று சொல்ல வேண்டும். பொய்க் காரணம் என்று தெரிந்தால் ஆறு மாதத்துக்குக் கடன் கிடையாது. ஆக, அன்பினால் வந்த விதி என்று யாரும் உருகிவிட வேண்டாம். ஒருவரை ஒருவர் நம்பாமல் போட்ட விதி.

சரி, கதையைத் தொடங்குகிறேன்.

“மேட்டூரில் திறந்த தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர்ந்த அன்று மலர்க்கொடி—”

[வேண்டாம். டெல்டா என்றாலே எழுத்தாளர்கள் முதல் வரியில் மதகைத் திறந்துவிடுகிறோம்.]

“மலர்க்கொடிக்கு இருபத்து நான்கு வயது. சிரித்தால் பல்வரிசை—”

[இது மலிவு. தவிர, அவள் சிரித்து அப்போது மாதக்கணக்கில் ஆகியிருந்தது.]

கூட்டத்திலிருந்தே தொடங்கலாம்.

3.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு சமுதாயக் கூடத்தில் வட்டமாக உட்காருவார்கள். வெளியே டா, டீ என்று கூப்பிட்டுக்கொள்கிறவர்கள் வட்டத்துக்குள் ‘ங்க’ போட்டுத்தான் பேச வேண்டும். அதுவும் நோட்டில் தீர்மானமாக இருக்கிறது.

“மலர்க்கொடி, உங்களுக்கு எதுக்குக் கடன்? சொல்லுங்க.”

மலர்க்கொடி ஊரில் இ-சேவை மையத்தில் வேலை பார்க்கிறாள். வருமானச் சான்று, சாதிச் சான்று, சிட்டா நகல் என்று ஊராருக்கெல்லாம் காரணம் எழுதிக் கொடுக்கிறவள். தன் காரணத்தை அவள் நாலு நாளாகத் தயார் செய்திருந்தாள்.

“பல்லு வைத்தியங்க.”

“எந்தப் பல்லுங்க?” என்றாள் குந்தவை. பள்ளிக்கூடத்திலிருந்து இவளோடு படித்தவள். எதையும் பாதியில் விடுகிற பழக்கம் அவளுக்கு இல்லை.

“கடவாப் பல்லு.”

“எந்தப் பக்கம்?”

இதற்கு அவள் தயாராக இல்லை. கை தானாக வலது கன்னத்துக்குப் போனது. “இந்தப் பக்கம்” என்றாள். குந்தவை உடனே கையைத் தூக்கி, “நான் கூடப் போறேங்க” என்றாள். ராஜ்குமாரும் தூக்கினான். அவனுக்கு வயது இருபத்திரண்டு. சீசனில் நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குகிறவன். அந்த வாரம் வேலை இல்லை.

உண்மை இதுதான். மலர்க்கொடியின் பற்கள் முப்பத்திரண்டும் நன்றாக இருந்தன. எட்டு மாதமாக அவளுக்குத் தூக்கம் இல்லை. காலையில் எழுந்து பல் விளக்குவதே பெரிய வேலையாக இருந்தது. நிறைந்து ஓடும் வாய்க்காலைத் தாண்டும்போது, நின்று பார்த்துவிடக் கூடாது என்று வேகமாக நடப்பாள். அது அவளுக்கே பயமாக இருந்தது. போனில் தேடி, மன்னார்குடியில் ஒரு மனநல மருத்துவரைக் கண்டுபிடித்து, புதன்கிழமை பதினொன்றரை மணிக்கு நேரம் வாங்கியிருந்தாள். அரசு ஆஸ்பத்திரியில் இலவசம்தான். அங்கே வரிசையில் ஊர்க்காரர் யாராவது நிற்பார்கள் என்றுதான் தனியாரிடம் போனாள்.*

* கடனைத் திருப்பிக் கட்டினாளா என்று கேட்பவர்களுக்கு: கட்டினாள். அதைப் பற்றி இந்தக் கதையில் வேறொன்றும் வராது.

4.

இங்கே எனக்கு அவள்மேல் சந்தேகம் வந்தது. ஏன் சொல்லவில்லை? என் முதல் பிரதியில் அவள் அப்பா செல்லதுரையைக் கொடுமைக்காரர் ஆக்கினேன். “அவர் குடித்துவிட்டு வந்து—” என்று எழுதியும் விட்டேன். பிறகு அவரைப் பார்த்தேன். மகளுக்காக நோட்ஸ் வாங்க மன்னார்குடிக்கு சைக்கிளில் போய் வந்த மனிதர். எழுதிய வரியை அடித்துவிட்டேன். அடுத்து, குரூப் ஃபோர் பரீட்சையில் ஒன்றரை மார்க்கில் வேலை போனதைக் காரணமாக்கினேன். அவளிடமே காட்டினேன்.

“காரணம் இருந்தா சொல்லிருப்பேன் சார்” என்றாள். “இல்லாததாலதான் சொல்ல முடியல.”

அப்படியே விட்டுவிடுகிறேன்.

கூட்டம் முடிந்ததும் செய்தி வீட்டுக்கு வந்துவிட்டது. அம்மா அம்சம் கிராம்பை நசுக்கிக் கொடுத்தாள். எதிர்வீட்டில் உப்புத் தண்ணீர் சொன்னார்கள். இ-சேவைக்கு வந்தவர்களெல்லாம் “வலி தேவலையாம்மா?” என்றார்கள். மூன்று நாள் அவள் இடது பக்கமாகவே மென்றாள். இத்தனை பேர் ஒரு பல்லை விசாரித்ததில் அவளுக்கு அழுகை வந்தது. எனக்கும் எழுதும்போது வந்தது. எட்டு மாதத்தையும் இவர்கள் இப்படி விசாரித்திருப்பார்களா? தெரியாது. அவள் கேட்கவிட்டதில்லை.

5.

புதன்கிழமை டவுன் பஸ். பெண்கள் இருவருக்கும் இலவசம். ராஜ்குமார் டிக்கெட் எடுத்துவிட்டு, “ஒங்க பல்லுக்கு நான்தான் முதல் செலவு பண்ணேன்க்கா” என்றான்.

மலர்க்கொடியின் திட்டம் எளிமையானது. பஸ் ஸ்டாண்டில் இவர்களை ஒரு ஹோட்டலில் உட்கார வைத்துவிட்டு நழுவிவிடுவது. குந்தவையிடம் அது நடக்குமா? அவள் பல் ஆஸ்பத்திரிக்கு முந்தின நாளே போன் போட்டு டோக்கன் வாங்கியிருந்தாள். பத்தே முக்காலுக்கு மலர்க்கொடி சாய்வு நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு கிடந்தாள். தலைக்கு மேல் விளக்கு. கதவருகே குந்தவை.

முதல் பிரதியில் அவள் நல்ல பல் ஒன்றைப் பிடுங்கவிட்டுப் பஞ்சைக் கடித்தபடி ஊருக்குத் திரும்பினாள். எழுதி ஒரு நாள் வைத்திருந்தேன். சோகமாக, அழகாக இருந்தது. அதனாலேயே கிழித்தேன். ஒரு பெண்ணின் பல்லைப் பிடுங்கித்தான் எனக்கு நல்ல பெயர் வர வேண்டுமா? இரண்டாம் பிரதியில் எழுந்து ஓடி ஆட்டோ ஏறினாள். சினிமா. நடந்தது வேறு.

“எல்லாப் பல்லும் நல்லாத்தானம்மா இருக்கு?” என்றார் டாக்டர்.

“நல்லாப் பாருங்க டாக்டர்” என்றாள் குந்தவை. “மூணு நாளா ஒரு பக்கமாவே சாப்புடுறா.”

“சரி, எக்ஸ்ரே எடுத்துப் பாத்துரலாம்.”

மலர்க்கொடி எழுந்து உட்கார்ந்தாள். “வேணாங்க டாக்டர். மன்னிச்சிருங்க” என்று இறங்கி வெளியே வந்தாள். படியில் குந்தவை கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“என்னடி ஆச்சு?”

“பல்லு இல்ல குந்தவ. நான் வேற டாக்டரப் பாக்கணும். மனசுக்குப் பாக்குறவங்க. பதினொன்றரைக்கு வரச் சொல்லிருக்காங்க.” நிறுத்தாமல் முடித்தாள். “இன்னிக்குப் பாக்காமப் போனா நான் திரும்ப வர மாட்டேன். எனக்குத் தெரியும்.”

குந்தவைக்கு முதலில் வந்தது கோபம்தான். “நோட்டுல பல்லுன்னு எழுதி, நான் கையெழுத்துப் போட்டிருக்கேன்டி” என்றாள். ராஜ்குமார் போனில் மணி பார்த்தான்.

“பதினொன்னு அஞ்சாச்சு. எந்தத் தெருக்கா?”

அந்த அறைக்குள் நடந்ததை நான் அவளிடம் கேட்கவில்லை. நாற்பது நிமிடம். பதினைந்து நாள் கழித்து வர வேண்டும், சில மாதங்களுக்கு விடாமல் வர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். மதியம் பரோட்டா சாப்பிடும்போது ராஜ்குமார், “இனிமே ரெண்டு பக்கமும் மெல்லுங்கக்கா” என்றான்.

திரும்பும் பஸ்ஸில் குந்தவை வழி கண்டுபிடித்துவிட்டாள். “கூட்டத்துல நான் பல்லுன்னே சொல்லிடுறேன். இன்னும் முப்பத்தோரு பல்லு இருக்கு. ஒரு வருசத்துக்குத் தாங்கும்.”

“வேணாம். நானே சொல்றேன்.”

“விஷயம் வீட்டுக்குப் போயிரும்டி. அடுத்த மாசம் பொண்ணு பாக்க வர்றாங்க.”

“போகட்டும்” என்றாள் மலர்க்கொடி. “இத மறைக்கிறதுக்கே பாதித் தெம்பு போயிடுது. அந்தத் தெம்பு எனக்கு வேணும்.”

6.

தொண்டு நிறுவனம் கேட்ட கேள்வி இன்னும் பாக்கி. குழுவில் சேர்ந்தால் இளைஞர்களின் மனம் நலமாகுமா? என்னால் பொதுவாகச் சொல்ல முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமையை மட்டும் தர முடியும்.

வளவன் நோட்டைத் திறந்து, “கூடப் போனவங்க சொல்லுங்க” என்றார். குந்தவை எழுந்திருக்கப் போனாள். மலர்க்கொடி அவள் தோளை அழுத்தி உட்கார வைத்துவிட்டுத் தான் எழுந்தாள்.

“பல்லு பொய்ங்க. எட்டு மாசமா எனக்குத் தூக்கம் இல்ல. உசுரோட இருக்கவே பிடிக்காம இருந்துச்சு. மனநல டாக்டரப் பாத்தேன். மாத்திரை சாப்புடுறேன். பொய் சொல்லிக் கடன் வாங்குனது தப்பு. ஆனா அடுத்த தடவையும் போகணும். அதுக்கும் கடன் வேணும். கூட ரெண்டு பேரும் வேணும்.”

சொல்லிவிட்டு அவள் உட்காரவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை இரண்டு பேர் எனக்கு இரண்டு விதமாகச் சொன்னார்கள். அடுத்த பக்கத்தை வளவன் காட்டவும் செய்தார். இங்கே அதை எழுத மாட்டேன். எழுதினால் ‘நல்ல குழு’ என்றோ ‘மோசமான குழு’ என்றோ சொல்லிவிட்டு நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள்.

விதிப்படி ஆறு மாதம் கடன் கிடையாது. வளவன் பேனாவின் மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு வட்டத்தைப் பார்க்கிறார். குந்தவையும் ராஜ்குமாரும் உண்மை தெரிந்து மறைத்தவர்கள். அவர்கள் பேச்சு இப்போது எடுபடாது. ஒருத்தி குனிந்து பாயில் நூலைப் பிரித்துக்கொண்டிருக்கிறாள். மற்றவர்கள் வேறு யாராவது முதலில் பேசட்டும் என்று இருக்கிறார்கள். அன்றைக்கு ஓர் உறுப்பினர் வரவில்லை. மலர்க்கொடிக்குப் பக்கத்தில் அந்த இடம் காலி.

அதில் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். அவள் இன்னும் நிற்கிறாள்.

சொல்லுங்க.